போட்டிக்கு வராதவர்

மே மாதம் இரண்டாவது வாரம். வருடக் கணக்கை முடிக்கிற வேலை முக்கால்வாசி ஓய்ந்திருந்தது. முற்பகலில் மகுடேஸ்வரன் நாகஜோதியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கம்பெனி லெட்டர்ஹெட்டில் டைப் செய்த ஒரு தாளைக் கொடுத்தார். இரண்டே பத்தி. கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று அவருடையது. இன்னொன்று அவருடைய தங்கை இந்துமதியின் கணவர் தரணீதரனுடையது.

நாகஜோதி அந்தப் பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருந்தாள். அருப்புக்கோட்டையிலிருந்து பத்தொன்பது வயதில் திருப்பூருக்கு வந்து, இதே கம்பெனியில் வவுச்சர் எழுதத் தொடங்கியவள். அவளை வேலைக்கு எடுத்தவர் தரணீதரன். அப்போது மச்சானும் மாப்பிள்ளையும் பங்காளிகளாகத் தொழில் செய்தார்கள். பணமும் பேங்கும் மகுடேஸ்வரன் பக்கம், துணியும் ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர்களும் தரணீதரன் பக்கம். ஐந்து வருடத்துக்கு முன்னால் இருவரும் பிரிந்தார்கள். காரணம் என்னவென்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நாகஜோதிக்குத் தெரிந்ததெல்லாம், தரணீதரனின் பங்குக்கு ஒரு தொகையும், அது போக இரண்டு கோடியே நாற்பது லட்சம் தனியாகவும் கைமாறியது என்பதுதான். அந்த இரண்டு கோடியே நாற்பது லட்சம் எந்தப் பொருளுக்கும் கொடுத்ததல்ல. தரணீதரன் எட்டு வருடத்துக்குப் பனியன் தொழிலில் கால் வைக்கக் கூடாது, பழைய பையர் யாரிடமும் பேசக் கூடாது என்பதற்காகக் கொடுத்தது.

அப்படிக் கொடுத்த பணத்தை ஆடிட்டர் பிரபாகர் சொத்து என்றுதான் எழுதச் சொன்னார். கண்ணால் பார்க்க முடியாத, கையால் தொட முடியாத சொத்து. இன்டான்ஜிபிள் அசெட். மெஷின் தேய்வதற்குத் தேய்மானம் போடுவதைப் போல இதற்கும் வருடா வருடம் ஒரு பங்கைச் செலவாகக் கழிக்க வேண்டும். அதற்கு அமார்டைசேஷன் என்று பெயர். எட்டு வருடத்துக்கு வருடம் முப்பது லட்சம், மாதம் இரண்டரை லட்சம். 2029 மார்ச் கடைசித் தேதியில் சொத்து பூஜ்யமாகும். அன்றோடு தரணீதரனின் கட்டும் அவிழும். நாகஜோதி மாதக் கடைசியில் அந்தப் பதிவைப் போடும்போது சில சமயம் அவர் முகம் நினைவுக்கு வரும். ஆனால் இந்த ஐந்து வருடத்தில் அவரை ஒரு தடவை கூடப் போய்ப் பார்த்ததில்லை. பார்த்தால் மகுடேஸ்வரனுக்குப் பிடிக்காது என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

இப்போது கையில் இருந்த தாள், அந்த எட்டு வருடத்தைப் பதினாறாக நீட்டியது. தரணீதரன் 2037 மார்ச் வரைக்கும் தொழிலுக்கு வர மாட்டார், அதற்கு மேற்கொண்டு பணம் எதுவும் வேண்டாம் என்று சம்மதித்திருந்தார். தேதி போன வருடம் ஏப்ரல் இரண்டு.

"இது போன வருசமே பண்ணுனதுங்க ஜோதி. உங்ககிட்ட குடுக்க மறந்துட்டேன்" என்றார் மகுடேஸ்வரன்.

அவள் மனதிலேயே கணக்குப் போட்டாள். மீதியிருக்கிற ஒரு கோடியே இருபது லட்சத்தைப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிரித்தால் வருடம் பத்து லட்சம். முப்பது போடுவதற்குப் பதில் பத்து. இந்த வருடம் கம்பெனிக்குப் பதினாலு லட்சம் நஷ்டம் நின்றிருந்தது. அமெரிக்காக்காரன் வரியை ஏற்றியதும் ஆகஸ்டில் நாற்பதாயிரம் உருப்படி பேக் பண்ணிய நிலையில் நின்றுபோனது. பாதி விலைக்குத் தள்ளினார்கள். இருபது லட்சம் செலவு குறைந்தால் நஷ்டம் ஆறு லட்சம் லாபமாகிவிடும். பேங்க்காரர்கள் கடன் வரம்பைப் புதுப்பிப்பதற்கு இந்தக் கணக்குக்காகத்தான் காத்திருந்தார்கள்.

கையெழுத்தைப் பார்த்தாள். தரணீதரனின் கையெழுத்தை ஆயிரக்கணக்கான செக்கில் பார்த்தவள். எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் போடுகிற வேகம் அதில் இல்லை. ஒவ்வொரு வளைவும் பார்த்துப் பார்த்து எழுதியதாக இருந்தது. அவள் தாளை வாங்கிக்கொண்டு வந்து அதன் நகலைப் பிரபாகருக்கு அனுப்பினாள்.

பிரபாகர் மறுநாளே போன் செய்தார். பத்து வருடமாக இந்தக் கம்பெனிக்கு ஆடிட்டர். அதிகம் பேசாதவர். ஒரு மனிதன் காசு வாங்காமல் இன்னும் எட்டு வருடத்துக்குச் சும்மா உட்கார ஏன் ஒத்துக்கொள்கிறார் என்று கேட்டார்.  தரணீதரனிடமிருந்து நேராக ஒரு கடிதம் வேண்டும், இந்தத் துணை ஒப்பந்தம் தன்னுடையதுதான் என்று அவர் உறுதி செய்தால் பத்து லட்சம் போட்டுக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டார்.

மகுடேஸ்வரன் அதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. கடிதத்தை டைப் செய்யச் சொன்னார். நாகஜோதியையே போய் வாங்கி வரச் சொன்னார். "இந்துகிட்ட பேசிட்டேன். நீங்க அவகிட்ட குடுங்க, அவ உள்ள போயி வாங்கியாந்து தருவா. மாப்பிள்ளையைப் பாக்கோணும்னு இல்லீங்க. அவருக்கு ஒடம்பு சொகமில்ல, தொந்தரவு பண்ண வேண்டாம்."

அன்றைக்கு வீட்டில் அவள் கணவன் ஜெயபாண்டியிடம் இதைச் சொன்னாள். அவன் அதே கம்பெனியின் இரண்டாவது யூனிட்டில் லைன் சூப்பர்வைசர். ஊத்துக்குளி ரோட்டில் அறுபது மெஷின் போட்ட யூனிட். பேங்க் வரம்பைக் குறைத்தால் முதலில் மூடப்போவது அதுதான் என்று அங்கே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் தலையைக் குனிந்து சாப்பிட்டபடியே, போய் வாங்கிட்டு வந்து கொடுத்துட்டு வேலையைப் பாரு, கையெழுத்து எப்படி இருக்குன்னு பாக்குறதா உனக்குச் சம்பளம் என்றான். அவன் கோபமாகச் சொல்லவில்லை. பயத்தில் சொன்னான். அது அவளுக்கும் புரிந்தது.

தரணீதரன் பிரிந்த பிறகு காங்கேயம் பக்கத்தில் தோட்டத்து வீட்டுக்குக் குடிபோயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாகஜோதி அங்கே போனாள். வாசலில் ஒரு சக்கர நாற்காலி மடித்துச் சாத்தி வைத்திருந்தது. கூடத்து மேசையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள். மகள் ஜனனிக்கு வைகாசி கடைசியில் கல்யாணம். இந்துமதி மெலிந்திருந்தாள். வா கண்ணு என்று உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, கடிதத்தை வாங்கிக்கொண்டாள். படித்துப் பார்க்கவில்லை. கூடத்து அலமாரியிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டுதான் உள்ளே நகர்ந்தாள்.

உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. வார்த்தை சரியாக வரவில்லை. மறுபடியும் வந்தது. "ஜோ... ஜோதியா?"

இந்துமதி அப்படியே நின்றுவிட்டாள். நாகஜோதி எழுந்தாள். அவளைத் தடுக்க இந்துமதி கையை நீட்டி, பிறகு கையைக் கீழே போட்டுக்கொண்டாள்.

ஜன்னலோரம் நாற்காலியில் தரணீதரன் உட்கார்ந்திருந்தார். வலது கை தலையணை மேல் கிடந்தது. விரல்கள் உள்ளுக்கு மடங்கியிருந்தன. வாய் ஒரு பக்கம் லேசாக இறங்கியிருந்தது. இடது கைப் பக்கத்து முக்காலியில் துணி வெட்டுகள் அட்டையில் ஒட்டிக் கிடந்தன. பழைய சாம்பிள்கள். அவளைப் பார்த்ததும் அவர் கண் நிறைந்துவிட்டது. 

எப்போது என்று அவள் கேட்டாள். இந்துமதிதான் பதில் சொன்னாள். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி சமயம், குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். கோயமுத்தூரில் நாற்பது நாள் வைத்திருந்தார்கள். ஜனனிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் என்பதால் வெளியே யாருக்கும் முழுசாகச் சொல்லவில்லை. ரத்தக்கொதிப்பு என்று சொல்லி வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடியதெல்லாம் அண்ணன்தான்.

நாகஜோதி அந்தத் தேதிகளை மனதில் அடுக்கிப் பார்த்தாள். விழுந்தது அக்டோபரில். ஒப்பந்தத்தில் கையெழுத்து அடுத்த ஏப்ரலில். அவள் இந்துமதியைப் பார்த்தாள். இந்துமதி அவளைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து தணிந்த குரலில் பேசினாள்.

"நான்தானுங்க போட்டேன். ஜனனி பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் கார்டுலயெல்லாம் அவரு கையெழுத்தை நான்தான் போடுவேன், அவரு எந்நேரமும் கம்பெனியில இருப்பாரில்ல. போன மாசம் அண்ணன் வந்து, பேங்குக்கு வேணும்னு ஒரு தாளை நீட்டுச்சு, தேதி மட்டும் போன வருசத்துதா இருந்துச்சு. எதுக்குன்னு கேக்கல. ஒடம்புக்கு ஆனதுல இருந்து என்ற அண்ணன் பண்ணுனதுக்கு, கேக்க மனசு வருமாங்க? இன்னும் இருவது நாள்ல கல்யாணம். மாமன் வந்து சீர் செய்யோணும்."

நாகஜோதிக்குக் கோபம் வரவில்லை. இந்தப் பெண்ணை யாரும் குற்றவாளி என்று எழுதிவிடக் கூடாதே என்றுதான் முதலில் தோன்றியது. கடிதத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் கிளம்பிவிடலாம். போட்டது யார் என்று யாருக்குத் தெரியப்போகிறது. ஒரு நிமிடம் அவள் அப்படித்தான் நினைத்தாள். உள்ளறையிலிருந்து தரணீதரன் மறுபடியும் கூப்பிட்டார்.

"என்ன... பேப்பர்?"

அவள் உள்ளே போனாள். இந்துமதி வாசலிலேயே நின்றாள். நாகஜோதி கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினாள், ஒரு வார்த்தை விடாமல்.  2037 என்ற இடத்தில் அவர் இடது கையைத் தூக்கி நிறுத்தினார்.

"முப்பத்தேழா?"

ஆமாங்க சார் என்றாள்.  அவர் நாற்காலிக் கையில் இடது உள்ளங்கையால் அடித்தார். "இல்ல. இருவத்... தொம்பது." மூச்சு வாங்கியது. "நான்... வருவேன்."

முக்காலியிலிருந்து ஒரு சாம்பிள் அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். அட்டையின் பின்பக்கம் கோணல்மாணலாக இடது கை எழுத்து. வருடங்களை எழுதி அடித்திருந்தார். இருபத்தைந்து அடிக்கப்பட்டிருந்தது. இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு பாக்கி. அதற்குக் கீழே நாலு பையர்களின் பெயர். ஐந்து வருடமாக அந்த நாலு பேரிடமும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது நாகஜோதிக்குத் தெரியும். பேசியிருந்தால் ஆர்டர் கணக்கிலேயே தெரிந்திருக்கும்.

அவர் பேனா கேட்டார். நாகஜோதி தன் பையிலிருந்து வெள்ளைத் தாள் எடுத்து அட்டை மேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அவர் எழுதத் தொடங்கியதும் இந்துமதி உள்ளே வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். வேண்டாங்க என்றாள். கல்யாணம் முடியட்டும், அப்புறம் எதுவானாலும் எழுதுங்க, அண்ணன் வராமல் போய்விட்டால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நான் என்ன சொல்வேன் என்று அழுதாள். அவர் எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார்.

"வருவான். மாமன்... வருவான்."

எழுதி முடிக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. 2021 ஒப்பந்தம் 31-3-2029 அன்று முடிகிறது. அடுத்த வரியாக 'நான் கையெழுத்து' என்று ஆரம்பித்து, மனைவியைப் பார்த்துவிட்டு, அதை அடித்தார். அதற்குப் பதிலாக 'வேறு ஒப்பந்தம் கிடையாது' என்று எழுதினார். கடைசியாக, அதன் பிறகு தொழில் செய்வேன் என்று எழுதி, இடது கையாலேயே பெயரைப் போட்டார்.

திரும்பி வரும் வழியில் நாகஜோதி ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நின்றாள். நேராகப் பிரபாகரிடம் கொடுத்துவிட்டால் தன் கடமை முடிந்தது. ஆனால் அது மகுடேஸ்வரனின் முதுகுக்குப் பின்னால் செய்கிற வேலையாகிவிடும். இருபத்திரண்டு வருடம் அவர் கையால் சம்பளம் வாங்கியிருக்கிறாள். இரண்டாவது பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் தேவைப்பட்டபோது யூனிட்டிலிருந்து ஆறு பேரைக் காரில் அனுப்பியவர். அவர் கெட்டவர் என்று அவளால் இப்போதும் நினைக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, துணை ஒப்பந்தத்தையும் தரணீதரன் எழுதிய தாளையும் அவர் முன்னால் வைத்தாள். அவர் இடது கை எழுத்தையே நீண்ட நேரம் பார்த்தார்.

"அவரையா பாத்தீங்க?"

"கூப்ட்டாருங்க சார்."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் போனார். கீழே கட்டிங் செக்‌ஷனில் பாதி மேசைகள் காலியாகக் கிடந்தன. அவர் பேசியபோது குரல் உயரவில்லை.

"அவரால ஒரு டம்ளர் தண்ணியத் தூக்க முடியலீங்க ஜோதி. நான்தான் தூக்கிக் குளிப்பாட்டியிருக்கேன். அவரு இருவத்தொம்பதுல வந்து என்ற கூடப் போட்டி போடப்போறாரா? எட்டு வருசமென்ன, பதினாறு வருசமென்ன, இனி எப்பவும் வர முடியாது. இருக்கறதைத்தான் எழுதச் சொன்னேன். இதுல யாருக்கு நட்டம்?"

நாகஜோதி இதற்குத்தான் ராத்திரி முழுக்கப் பதில் தேடியிருந்தாள். சொல்லும்போது தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது.

"நீங்க சொல்றது நெசம்னா, பிரபாகர் சார் வேற சொல்லுவாருங்க சார். வரவே முடியாத ஆளைத் தடுத்து வைக்கிறதுக்குக் கொடுத்த காசு சொத்தே இல்லன்னுடுவாரு. மீதி ஒரு கோடியே இருவது லட்சத்தையும் இந்த வருசமே கழிக்கச் சொல்லுவாரு. நட்டம் ஒரு கோடியத் தாண்டிரும்."

மகுடேஸ்வரன் திரும்பினார்.

"அவுக வருவேன்னு எழுதியிருக்காக. அது இருந்தாத்தான் வழக்கம்போல முப்பது லட்சம். பதினாலு லட்சம் நட்டத்தோட நிக்கும்."

அவர் அந்தக் கடிதத்தை மறுபடியும் கையில் எடுத்தார். 'அதன் பிறகு தொழில் செய்வேன்' என்ற வரியில் விரலை வைத்தார். அவர் முகத்தில் வந்தது கோபமா அவமானமா என்று நாகஜோதிக்குப் பிடிபடவில்லை. முடிந்துபோனவன் என்று அவர் எழுதத் துணிந்த அந்த மனிதனின் பிடிவாதம்தான் இப்போது அந்த ஒரு கோடியைத் தாங்கி நின்றது. துணை ஒப்பந்தத்தை நாலாகக் கிழித்து மேசை டிராயருக்குள் போட்டுக்கொண்டார். போங்க என்று மட்டும் சொன்னார்.

பிரபாகர் அந்த வாரமே காங்கேயம் போய்த் தரணீதரனைப் பார்த்தார். மருத்துவரின் அறிக்கையைப் படித்தார், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். மனிதருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது, பையர்கள் இன்னும் அவரை விசாரிக்கிறார்கள், பேரம் பேசவும் துணி பார்க்கவும் வலது கை வேண்டியதில்லை என்று தன் கோப்பில் எழுதிக்கொண்டார். முப்பது லட்சம் நின்றது. கணக்கில் கையெழுத்துப் போட வந்த அன்று, முதலில் வந்த அந்தத் தாளைப் பற்றி மகுடேஸ்வரனிடம் கேட்டார். வாபஸ் வாங்கிட்டேன் என்றார் அவர். பிரபாகர் தலையசைத்துவிட்டு, அடுத்த வருடத்துக்கு வேறு ஆடிட்டர் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நாகஜோதியிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்துமதியின் பெயரைச் சொல்லியிருப்பாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜனனியின் கல்யாணத்துக்கு மகுடேஸ்வரன் போனார். தாய்மாமன் சீர் ஒன்று குறையாமல் செய்தார். பட்டம் கட்டினார். போட்டோவுக்கு நின்றார். தரணீதரன் நாற்காலியில் இருந்தபடி இடது கையை நீட்டியபோது அதைத் தொட்டும் தொடாமலும் நகர்ந்து, சாப்பிடாமல் காரில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. நாகஜோதிக்குப் பத்திரிகை வரவில்லை. இதெல்லாம் டிரைவர் வேல்குமார் சொல்லித்தான் தெரியும். ஒருநாள் இந்துமதிக்கு அவள் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஆபீஸில் மகுடேஸ்வரன் அவளிடம் முன்பு போலவே மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பேங்குக்குப் போகும் தாள்கள் இப்போது அவள் மேசை வழியாகப் போகவில்லை.

நஷ்டத்தைப் பார்த்த பேங்க், வரம்பில் கால்வாசியை வெட்டியது. ஜூன் கடைசியில் ஊத்துக்குளி ரோட்டு யூனிட்டை மூடினார்கள். அறுபது மெஷினையும் லாரியில் ஏற்றிய அன்று ஜெயபாண்டி மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டான். தென்மாவட்டத்திலிருந்து அவனை நம்பி வந்த பதினோரு குடும்பம் அந்த லைனில் இருந்தது. ஒவ்வொருவரையும் வேறு கம்பெனியில் சேர்க்க அவன் இரண்டு வாரமாக அலைந்தும் நாலு பேருக்குத்தான் இடம் கிடைத்திருந்தது. அவனுக்கே கிடைக்கவில்லை.

நாகஜோதி லீவு போட்டிருந்தாள். சோறு போட்டாள். அவன் தட்டைத் தொடாமல் கேட்டான்.

"நீ அந்த லெட்டரை வாங்கிட்டு வந்து குடுத்துருந்தா, யூனிட்டு இருந்திருக்குமா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள்.

"இந்த வருசம் இருந்திருக்கும்."

"அடுத்த வருசம்?"

"தெரியல."

அவன் தலையை ஆட்டினான். அவள் எதிரில் உட்கார்ந்து தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டாள். அவன் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம், சூப்பர்வைசருக்கு இல்லை, செக்கிங்குக்குத்தான், நாளைக்குக் காலையில் போய்ப் பார்க்கிறேன் என்றான். எத்தனை மணிக்குக் கிளம்புவீக என்று அவள் கேட்டாள். ஏழரைக்கு என்றான்.